முன்னாடி வந்து நில்லுங்கப்பா

ஜூன் 9

அன்பு அக்காவுக்கு,

நானும் அவரும் குட்டியும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கு? எட்டு மணி நேரம் தறி முன்னாடி நிக்கறவளுக்கு நான் என்ன சொல்றது, வேலை முடிஞ்சு வந்ததும் வெந்நீர் ஒத்தடமாவது குடுத்துக்கோ.

நீ அனுப்பின துணியில நாலு சட்டை தச்சாச்சு. ஞானஸ்நானத்துக்கு வந்தப்போ "பஞ்சு மூட்டை மாதிரி இருக்காளே"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனே, அதுவே பேரா நின்னுபோச்சு. வெச்ச பேரை யாரும் கூப்பிடறதில்ல. பால்காரர்கூட "பஞ்சு முழிச்சாச்சா?"ன்னுதான் கேக்கறார்.

ரெண்டரை மாசத்துக்கு அப்படி ஒரு சமத்து. மேல் வீட்டுல தரையை உடைச்சு டைல்ஸ் மாத்தறாங்க. நாலு நாளா இடி இடின்னு இடிக்கறாங்க, எனக்குப் பல்லெல்லாம் கூசுது. இவ கையை விரிச்சுப் போட்டுத் தூங்கறா. அவருக்குப் பெருமை தாங்கல. "லாரி டிரைவர் பொண்ணுடி, எந்தச் சத்தத்துக்கும் அசைய மாட்டா"ங்கறார்.

அப்பா ரெண்டு பஸ் மாறி வாரத்துக்கு ரெண்டு தடவை வந்துடறார். இஸ்திரி போட்ட சட்டையோட! அம்மா போய் இந்த மூணு வருஷத்துல அவர் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டு நான் பாக்கல.

அம்மாவுக்கு அப்புறம் நாம கிறிஸ்துமஸ் கொண்டாடவே இல்லை. அப்பா கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்துடுவார். நீ மில்லுலயே இருந்துடுவே. இந்த வருஷம் எல்லாரும் எங்க வீட்டுல. பஞ்சுவோட முதல் கிறிஸ்துமஸ். இப்பவே லீவுக்குச் சொல்லி வெச்சுடு.

பஞ்சு உனக்கு ஒரு எச்சில் முத்தம் தர்றா.

உன் தங்கச்சி

*

ஜூன் 24

என் சின்னுவுக்கு,

உன் கடிதத்தை ஹாஸ்டல்ல மூணு பேருக்குப் படிச்சுக் காட்டிட்டேன். போன் வார்டன் ரூம்ல இருக்கு, பேசினா பின்னாடி வரிசை நின்னு முறைக்குது. அதனால கடிதமே எழுது. முதுகு பரவாயில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

லீவு கேட்டு வெச்சிருக்கேன். டிசம்பர்ல ஏற்றுமதி சரக்கு கிளம்பற நேரம், என்ன சொல்வாங்களோ தெரியல.

சத்தத்துல தூங்கறாளா? இங்கே கொண்டாந்து விட்டா நல்ல தறிக்காரியா வருவா. எங்க கொட்டகையில நானூறு தறி ஒண்ணா ஓடும். பக்கத்துல நிக்கறவ காதுல வாய வெச்சுக் கத்தினாலும் கேக்காது. கையாலேயும் உதட்டாலேயும்தான் பேச்சு. "நூல் அறுந்துபோச்சு", "சூப்பர்வைசர் வர்றான்", "மத்தியானம் என்ன சாப்பாடு", எல்லாமே ஜாடைதான். சண்டைகூட ஜாடையிலதான், தெரியுமா? திட்டி முடிச்சா கை வலிக்கும்.

ஒரு கிலுகிலுப்பை அனுப்பறேன். ஆட்டினா எந்தப் பக்கம் திரும்பறான்னு பார்த்து எழுது. நாம குழந்தையா இருந்தப்போ நான் வலது பக்கம்தான் திரும்புவேனாம், நீ இடது பக்கம்தானாம். அம்மா சொல்வாங்க.

மாப்பிள்ளையைக் கேட்டதாச் சொல்லு.

அக்கா

*

ஜூலை 30

அன்பு அக்காவுக்கு,

உடனே எழுத முடியல, மன்னிச்சுக்கோ. எல்லாரும் சுகம். நீ எப்படி இருக்கே?

பஞ்சு குப்புற விழுந்துட்டா. கண்ணு இருக்கே, அப்படி ஒரு கண்ணு. ஜன்னல் திரை அசைஞ்சா பாக்கறா, சுவத்துல வெயில் நகர்ந்தா பாக்கறா. நான் எதிர்ல போனாப் போதும், கையும் காலும் ஆடும். பார்சல்ல வந்த மஞ்சள் துணி ரொம்ப நல்லா இருக்கு.

இங்கே மழை. துணி காய மாட்டேங்குது. அவர் இந்த மாசம் பூரா வெளியூர் ஓட்டம்.

வேற ஒண்ணும் இல்ல. உடம்பைப் பாத்துக்கோ.

தங்கச்சி

*

ஆகஸ்ட் 17

என் சின்னுவுக்கு,

நான் சுகம். நீ சுகம்தானே? கேக்கறது வெறும் வழக்கத்துக்கு இல்ல.

மஞ்சள் துணி வந்துச்சுன்னு எழுதினே. அதே பொட்டலத்துல கிலுகிலுப்பையும் இருந்துச்சே. உடைஞ்சு வந்துச்சா? உடைஞ்சா வேற அனுப்பறேன்.

அவ அழும்போது பக்கத்து ரூம்லேர்ந்து நீ குரல் குடுத்தா நிறுத்தறாளா? சும்மாதான் கேக்கறேன்.

நான் உன்னைவிட ஆறு வயசு மூத்தவ. நீ பள்ளிக்கூடத்துல கீழே விழுந்து பல்லை உடைச்சுக்கிட்டு வந்தப்போ அம்மாகிட்ட சொல்றதுக்கு முன்னாடி என்கிட்டதான் வாயைத் திறந்து காட்டினே. எழுதணும்னு தோணினா எழுது. தோணலைன்னா மழையைப் பத்தியே எழுது. அதையும் நான் படிப்பேன்.

அக்கா

*

செப்டம்பர் 12

அன்புள்ள மூத்த மகளுக்கு அப்பா எழுதுவது.

கடவுள் கிருபையால் நலமாக இருக்கிறேன். சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது என்றார் டாக்டர். சர்க்கரை கூடினாலும் மனிதன் இனிப்பாக ஆகிவிடுவதில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன் தங்கை என்னைப் பற்றி உனக்கு ஏதாவது எழுதினாளா?

முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். கடைசி சீட்டில் வாயைப் பிளந்து தூங்குகிறவனையும் அவன் ஸ்டாப்பில் எழுப்பி இறக்கிவிட்ட குரல் இது. அந்தக் குரலில் என் பேத்தியைக் கூப்பிடுகிறேன், "பஞ்சு, யார் வந்திருக்கா பாரு!" என்று. தலையைத் திருப்புவதில்லை. நாலு தடவை கூப்பிட்டாலும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் அம்மா சத்தம் போடாமல் வந்து எதிரில் நின்றால் முகமெல்லாம் சிரிப்பு. "என்னம்மா, பேத்திக்கு என்னைப் பிடிக்கலையா?" என்று கேட்டால் உன் தங்கை "தூக்கக் கலக்கம்பா" என்கிறாள். பகல் பதினொரு மணிக்கு என்ன தூக்கக் கலக்கம்?

போன வாரம் நான் கூப்பிட ஆரம்பித்ததுமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வயதானவன் வாடை குழந்தைக்கு ஆகாதோ என்னவோ. இப்போது குளித்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன்.

உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

ஆசிகளுடன்,
அப்பா

*

செப்டம்பர் 25

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்க டீயில சர்க்கரையை நிறுத்துங்க.

சின்னு உங்களைப் பத்தி எழுதினது ஒண்ணே ஒண்ணு. நீங்க இஸ்திரி போட்ட சட்டையில வர்றீங்களாம். அதை எழுதறப்போ அவளுக்கு எவ்வளவு சந்தோஷம்னு வரிக்கு வரி தெரிஞ்சுது. வாடையாவது ஒண்ணாவது! மனசுல எதையும் போட்டு உழப்பிக்காதீங்க.

எனக்காக ஒண்ணு செய்வீங்களா? அடுத்த தடவை போறப்போ வாசல்லேர்ந்து கூப்பிடாதீங்க. அவ முன்னாடி வந்து நில்லுங்கப்பா. அவ உங்களைப் பாக்கற வரைக்கும் சும்மா நில்லுங்க.

உங்க மூத்தவ

*

அக்டோபர் 20

அக்கா,

சுகமான்னு கேட்டுட்டு ஆரம்பிக்கணும். நீ சுகமா இரு. நான் சுகமா இல்ல.

பஞ்சுவுக்குக் காது கேக்கல.

ரெண்டு மாசமா இந்த ஒரு வரியை எழுதறதும் கிழிக்கறதுமா இருந்தேன். நீ அனுப்பின கிலுகிலுப்பை அன்னிக்குத்தான் முதல்ல தெரிஞ்சுது. முகத்துக்கு நேரா ஆட்டினா பிடுங்க வந்தா. தலைக்குப் பின்னாடி ஆட்டினேன். ஒண்ணும் இல்ல. இடது பக்கம், வலது பக்கம், ஒண்ணும் இல்ல. தட்டை எடுத்துத் தரையில போட்டேன். சட்டுனு திரும்பினா! சந்தோஷத்துல அழுதுட்டேன். அப்புறம் அவளை மடியில வெச்சுக்கிட்டுக் கரண்டியால தட்டைத் தட்டினேன், பாத்திரத்தைத் தட்டினேன். அசையல. முதல்ல திரும்பினது தரை அதிர்ந்ததுக்குத்தான்.

பெரிய ஆஸ்பத்திரிக்குத் தனியாத்தான் போனேன். அவளைத் தூங்க வெச்சுத் தலையில ஒயர் ஒட்டிப் பார்த்தாங்க. அங்கே இருந்த லேடி டாக்டர் நல்ல மாதிரி. காகிதத்தைத் திருப்பி எனக்குக் காட்டி, "இங்கே கோடு மேலே ஏறணும்மா. ஏறல. ரெண்டு காதும்"னாங்க. பிறவியிலேயே இப்படித்தானாம். "நான் மாசமா இருந்தப்போ ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"ன்னு கேட்டேன். "இந்த நாற்காலியில உக்கார்ற எல்லா அம்மாவும் இதைத்தான் கேக்கறாங்க. நீங்க ஒண்ணும் பண்ணல"ன்னாங்க. ஜனவரியில காதுக்கு மெஷின் வெச்சுப் பார்க்கலாம், எவ்வளவு உதவும்னு இப்பவே சொல்ல முடியாதுன்னும் சொன்னாங்க.

அவர்கிட்ட சொன்னேன். தினம் தெருமுனையில திரும்பும்போது பஞ்சுவுக்குன்னு ரெண்டு தடவை ஹார்ன் அடிச்சுக்கிட்டு வருவார். அடுத்த நாளிலேர்ந்து ஹார்ன் இல்ல. லாரி பாட்டுக்கு வந்து நிக்குது.

அப்பாகிட்ட மட்டும் சொல்ல முடியல. இப்பதான் மனுஷன் எழுந்து உக்காந்திருக்கார். எந்த வாயால சொல்றது? அவர் வந்தாலே குழந்தையைத் தூக்கிக்கிட்டு உள்ளே ஓடிடறேன். நீயும் சொல்லிடாதே. சத்தியமாச் சொல்றேன், நானே சொல்வேன். கொஞ்ச நாள் குடு.

தங்கச்சி

*

நவம்பர் 2

என் சின்னுவுக்கு,

கடிதத்தைக் கொட்டகைக்கே எடுத்துக்கிட்டுப் போய்ப் படிச்சேன். அழுதா யாருக்கும் கேக்காத இடம் அதுதான். பக்கத்துத் தறிக்காரி பார்த்துட்டா. கையால "யாரு?"ன்னு கேட்டா. "என் தங்கச்சி பொண்ணு"ன்னேன். "உசுரோட இருக்காளா?"ன்னா. "இருக்கா, சிரிக்கறா"ன்னேன். "அப்போ கண்ணைத் துடை"ன்னா.

ஆகஸ்ட்லயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. கிலுகிலுப்பையைப் பத்தி நீ ஒரு வார்த்தை எழுதலையே. ஆனா அது நீ சொல்ல வேண்டியது. நான் முந்திக்கக் கூடாதுன்னு இருந்தேன். இத்தனை நாள் தனியாத் தூக்கிக்கிட்டு நடந்திருக்கியே, அதுதான் எனக்கு ஆறல.

நான் பதினாலு வருஷமா வேலை நேரத்துல ஒரு வார்த்தை காதால கேட்டதில்ல. சிரிச்சிருக்கோம், வம்பு பேசியிருக்கோம், ஒருத்தி கல்யாணத்தையே பேசி முடிச்சிருக்கோம். பஞ்சுகிட்ட இப்பவே கையால பேச ஆரம்பி. எங்க மில் ஜாடை மூணு எழுதறேன். "வா"ன்னா உள்ளங்கையைத் திறந்து நெஞ்சுப் பக்கம் இழு. "பால்"னா கையை மூடி மூடித் திற. "நான் இங்கதான் இருக்கேன்"னா நெஞ்சுல ரெண்டு தட்டு. சரியான முறை வேற இருக்கும், ஆஸ்பத்திரியில கேளு. அது வர்ற வரைக்கும் இது ஓடும்.

அப்பாகிட்ட நான் சொல்லமாட்டேன், இது வாக்கு. ஆனா நீ சொல்லு. சீக்கிரம்.

அக்கா

*

நவம்பர் 30

அன்புள்ள மூத்த மகளுக்கு அப்பா எழுதுவது.

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நீ எழுதியபடி முன்னால் போய் நிற்கலாம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் போகிறேன். கதவைத் திறந்ததுமே உன் தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். போன வாரமும் நான் கூடத்தில் நின்றேன். மாப்பிள்ளை டீ கொடுத்தார். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. முப்பத்தொரு வருஷம் முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுத்தவனா எடுக்காதவனா என்று சொன்னவன் நான். அந்த வீட்டில் என்னிடம் எதையோ மறைக்கிறார்கள். என்னவென்று தெரியவில்லை, நான் வேண்டாதவன் என்பது மட்டும் தெரிகிறது.

அதனால் கிறிஸ்துமஸுக்கு நான் போகவில்லை. இங்கேயே கோவிலுக்குப் போய்விட்டு வந்து படுத்துக்கொள்வேன். மூன்று வருஷமாகப் பழகியதுதானே. குழந்தைக்கு வாங்கிய கவுனை உன் முகவரிக்கு அனுப்புகிறேன், நீ கொடுத்துவிடு. நான் கொடுத்ததாகச் சொல்ல வேண்டாம்.

யார் மேலும் கோபமில்லை.

அப்பா

*

டிசம்பர் 6

சின்னு,

எல்லாரும் சுகமா இருக்கணும். எனக்கு லீவு இல்லைன்னுட்டாங்க. அதுக்கு அப்புறம் அழுதுக்கலாம்.

அப்பாகிட்ட சொல்லமாட்டேன்னு உனக்கு வாக்குக் குடுத்தேன், சொல்லல. ஆனா அப்பா எனக்கு எழுதினதை உனக்குக் காட்டமாட்டேன்னு யாருக்கும் வாக்குக் குடுக்கல. இத்தோட வெச்சிருக்கேன். உக்காந்து படி. கவுனும் இருக்கு.

அவரைக் காப்பாத்தறதா நினைச்சு நீ என்ன பண்ணிட்டு இருக்கேன்னு அவரே எழுதியிருக்கார்.

அக்கா

*

டிசம்பர் 27

என் அக்காவுக்கு,

நாங்க எல்லாரும் சுகம். இந்தத் தடவை நிஜமாவே சுகம். நீ இல்லாதது ஒண்ணுதான் குறை. அப்பா உங்க மேனேஜர்கிட்ட நேர்ல வந்து பேசறேன்னு நிக்கறார். நல்லவேளை, தூரம்.

அப்பா கடிதத்தைப் படிச்சதும் அடுப்பை அணைச்சேன், பஞ்சுவுக்கு அந்தக் கவுனைப் போட்டேன், ரெண்டு பஸ் மாறிப் போய் அப்பா வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தார். உள்ளே வான்னு சொல்லல. வாசல்லேயே சொல்லிட்டேன்.

"அப்பா, அவளுக்கு உங்களைப் பிடிக்காம இல்ல. அவளுக்குக் காது கேக்காதுப்பா. நீங்க கூப்பிட்டது ஒண்ணுமே அவளுக்குக் கேட்டதில்ல."

அப்பா என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். திரும்பிச் சமையல்கட்டுக்குப் போயிட்டார். குழாயில தண்ணி விழுந்துக்கிட்டே இருந்துச்சு. ரொம்ப நேரம் கழிச்சு முகத்தைத் துடைச்சுக்கிட்டு வந்தார். திட்டுவார்னு நின்னேன்.

"எப்போ தெரியும்?"

"ஜூலையில சந்தேகம். அக்டோபர்ல முடிவாச் சொல்லிட்டாங்க."

"அவ்வளவு நாளும் இதை நீ தனியாவா வெச்சிருந்தே?"

அதுக்கப்புறம் நான் அழுதது இருக்கே, பஞ்சு பயந்து அவளும் அழுதா. அவளைத் தரையில விட்டேன். அப்பா சுத்திக்கிட்டு அவ முன்னாடி போய், முட்டி ரெண்டும் கடக் கடக்னு சத்தம் போட, உக்காந்தார். ஒரு வார்த்தை பேசல. காத்துக்கிட்டு இருந்தார். அவ தலையைத் தூக்கினா. அப்பா நெத்தியில கை வெச்சு ஒரு சல்யூட் அடிச்சார், செக்கிங் ஆபீசருக்கு அடிக்கற மாதிரி. பஞ்சு பொக்கை வாயைத் திறந்து சிரிச்சா பாரு! அப்பா பத்து சல்யூட் அடிச்சிருப்பார். அன்னிக்கே துணிமணியைப் பையில போட்டுக்கிட்டு எங்ககூட வந்துட்டார்.

கிறிஸ்துமஸ் அன்னிக்குக் காலையில கோவிலுக்கு அப்பாதான் அவளைத் தூக்கிக்கிட்டு வந்தார். மத்த குழந்தைங்க எல்லாம் பாட்டுச் சத்தத்துக்கும் மணிக்கும் மிரண்டு அழுதுச்சுங்க. இவ மெழுகுவத்தியையே பார்த்துக்கிட்டு இருந்தா. பாட்டு ஆரம்பிச்சுது. அம்மா போனதுக்கு அப்புறம் அப்பா கோவில்ல பாட வாயைத் திறந்ததே இல்ல, உனக்குத் தெரியுமே. அன்னிக்குத் திறந்தார். பஞ்சு திடுக்குனு அவர் நெஞ்சுல கையை வெச்சா. அப்புறம் கன்னத்தை வெச்சா. அப்படியே ஒட்டிக்கிட்டா, அக்கா. அவர் குரல் அவளுக்குள்ள போகுதுன்னு அப்பாவுக்குப் புரிஞ்சுபோச்சு. பாட்டு முடிஞ்சுது, எல்லாரும் உக்காந்துட்டாங்க, இவர் நிறுத்தல. மொத்தக் கோவிலும் திரும்பிப் பாக்குது, அப்பா நின்னுக்கிட்டு முதல் அடியிலேர்ந்து மறுபடியும் பாடறார். பாதிரியார் பார்த்தார், எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிட்டு, முடியட்டும்னு புத்தகத்தை மூடி வெச்சுட்டார். அவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். என் வீட்டுக்காரரைச் சொல்றேன்.

வெளியே வந்ததும் முன் வரிசை அம்மா ஒருத்தங்க விஷயம் தெரிஞ்சு, "ஐயோ பாவம், இந்தக் குழந்தைக்கா"ன்னாங்க. அப்பா சொன்னார்: "பாவம் என்னம்மா பாவம்? கைக்குழந்தைக்கு டிக்கெட் கிடையாது, ஆனா இடம் உண்டு. என் வண்டியில இடமில்லைன்னு நான் யாரையும் இறக்கிவிட்டதில்ல."

மத்தியானம் என் வீட்டுக்காரர் பண்ணின கேக் ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் வேகாம இருந்துச்சு. நடுவுல மட்டும் சாப்பிட்டோம். நல்லா இருந்துச்சு.

நீ அந்தக் கடிதத்தை அனுப்பலைன்னா நான் இன்னும் மழையைப் பத்தித்தான் எழுதிட்டு இருப்பேன்.

உன் சின்னு

*

ஜனவரி 19

அன்புள்ள மூத்த மகளுக்கு அப்பா எழுதுவது.

உன் தங்கை வீட்டில் எல்லோரும் நலம். எனக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. உன் முதுகுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், பூசினாயா என்று எழுது.

என் கடிதத்தை நீ அவளுக்கு அனுப்பியது தெரியும். ஒருவர் எழுதியதை இன்னொருவருக்கு அனுப்புவது தப்பு. நல்ல வேலை செய்தாய்.

செவ்வாய்க்கிழமை காதுக்கு மெஷின் வைத்தார்கள். வைத்ததும் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள். மறுபடி வைத்தோம், மறுபடி வாயில். டாக்டரம்மா ஒரு தொப்பி தைக்கச் சொல்லியிருக்கிறார், பிடுங்க முடியாதபடி. கொஞ்சம் கேட்கலாம், கேட்காமலும் போகலாம், பொறுத்திருந்து பார்க்க வேண்டும் என்றார். "எவ்வளவு நாள்?" என்றேன். "உங்களுக்கு அவசரமா?" என்றார். எனக்கு என்ன அவசரம், ரிட்டயர் ஆன மனுஷன்.

வாரம் ஒருநாள் ஆஸ்பத்திரியில் பெற்றோருக்குக் கைப்பேச்சு வகுப்பு. உன் தங்கையோடு நானும் போகிறேன். வகுப்பிலேயே மூத்த மாணவன் நான்தான். பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துக் காப்பி அடிக்கிறேன் என்று நேற்று டீச்சரிடம் திட்டு வாங்கினேன்.

ஈஸ்டருக்கு லீவு கேள். இப்போதே கேள். கொடுக்காவிட்டால் எழுது, நான்

மன்னிக்கவும், பேனா கோடு இழுத்துவிட்டது. பஞ்சு தவழ்ந்து வந்து என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். இன்று இஸ்திரி போட்ட சட்டை, எல்லாம் எச்சில். ஒரு கையில் சட்டை, இன்னொரு கை நீட்டியபடி இருக்கிறது. தூக்க வேண்டுமாம்.

பேனாவை வைத்துவிடுகிறேன்.

அப்பா